சாலையில் பிறக்கும் மின்சாரம்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு நாள் மாலை, டில்லி ஆஸாத்பூர் மண்டிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தமிழ்ப் பேச்சுக் கேட்டது. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அந்த ஓசை காதில் விழுந்தால் வாய் சும்மா இருக்குமா? நானே வலியச் சென்று பேச்சுக் கொடுத்தேன். அவர் நாமக்கல்லிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரி ஓட்டுநர். என் தொழிலை விசாரித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லி, அன்று காலை தமிழாக்கிய ஒரு குறிப்பைப் பற்றியும் பெருமையோடு கூறினேன். சாலையில் ஓடும் வண்டிகளைக் கொண்டே செலவில்லாமல் மின்சாரம் எடுக்கலாம் என்பது அதன் சாரம்.

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஏனுங்க சார், செலவில்லைன்னா யாருக்குங்க செலவில்லை? சின்ன மேடு ஏறினாலும் வண்டி டீசல் குடிக்குமே!" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று விடை கூற இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இன்றைய என் பேச்சு.

சாலையிலிருந்து மின்சாரம் பெற இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது, அழுந்தும் தகடு. சாலையில் பதித்த தகட்டின்மீது சக்கரம் ஏறும்போது தகடு கீழே இறங்கும்; அந்த இறக்கம் அடியிலுள்ள ஜெனரேட்டரைச் சுழற்றும். 2009-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ஸேன்ஸ்பரி பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் இத்தகைய தகடுகளை அமைத்தார்கள்.

இரண்டாவது வழி, அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைச் சார்ந்தது. குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தும்போது அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுகிறது என்பதை 1880-இல் பிரான்ஸ் தேசத்துக் க்யூரி சகோதரர்களான ழாக், பியேர் இருவரும் கண்டறிந்தனர். நம் வீட்டுச் சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரைத் தட்டினால் பொறி பறப்பதும் இந்தத் தத்துவத்தாலேயே. இத்தகைய பொருள்களைத் தார்ச்சாலையின் அடியில் புதைத்து, இஸ்ரேலில் ஹதேரா என்னும் ஊருக்கு அருகே 2009-இல் சுமார் 10 மீட்டர் நீளத்துக்குச் சோதனை செய்தார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2017-இல் இத்தகைய ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஒதுக்கியது.

இனி ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம். கணக்கு எளியது, பள்ளிக்கூடப் பௌதிகமே போதும். ஒரு டன் எடையுள்ள கார் ஒன்று, 5 சென்டிமீட்டர் இறங்கும் தகட்டின்மேல் செல்கிறது என்று கொள்வோம். அதனால் கிடைக்கும் சக்தி 490 ஜூல். நம் வீட்டு மீட்டர் காட்டும் ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூலுக்குச் சமம். ஆகவே ஒரு துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட்டுக்கு 7,300-க்கும் மேற்பட்ட கார்கள் கடந்து செல்ல வேண்டும். யந்திரத்தில் பாதி வீணாகுமானால் ஏறக்குறைய 14,700 கார்கள். அவ்வளவு கார்களும் சேர்ந்து தரும் அந்த ஒரு யூனிட், 75 வாட் மின்விசிறி ஒன்றை 13 மணி நேரம் சுழற்றும்.

அந்த ஒரு யூனிட்டாவது இனாமாக வருகிறதா என்றால், அதுவும் இல்லை. தகட்டோடு கீழே இறங்கிய சக்கரம் மீண்டும் சாலை மட்டத்துக்கு ஏறியாக வேண்டும். ஏற்றுவது எஞ்சின், எஞ்சினுக்கு உணவு எரிபொருள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்பசக்தி அடங்கியுள்ளது. அதில் கால் பங்கை எஞ்சின் ஓட்டமாக மாற்றுகிறது. அதில் பாதியைத் தகடு மின்சாரமாக்குகிறது என்று கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு யூனிட்டைச் சற்றே மிஞ்சிய மின்சாரந்தான் கிட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலை, ஒரு யூனிட் மின்சாரம் என்ன விலை என்று நேயர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தகட்டின்மேல் சைக்கிள் ரிக்ஷா ஒன்று செல்லுமானால், விலை கொடுப்பவை அதை மிதிக்கும் மனிதனின் கால்கள்.

படிகங்களின் கதை சற்று வேறு. கனத்த லாரி சென்றாலும் நல்ல தார்ச்சாலை மிக நுண்ணிய அளவே அமுங்குகிறது. அதனால் வண்டிக்குப் பெரிய தடை இல்லை. ஆனால் கிடைக்கும் சக்தியும் அற்பமே. போகும் வண்டிகளை எண்ணவும் அவற்றின் பாரத்தை அளக்கவும் அப்படிகங்கள் சாலைகளில் நன்கு பயன்பட்டு வருகின்றன.

அப்படியானால் இந்த முயற்சி முழுவதும் வீண்தானா? அப்படித் தள்ளிவிடுவதும் நியாயமாகாது. வண்டி எப்படியும் வேகத்தைக் குறைத்தே தீரவேண்டிய இடங்கள் உண்டு. மலைப்பாதையின் இறக்கம், சுங்கச் சாவடி, வண்டி நிறுத்துமிடத்தின் வாயில் ஆகியவை அவற்றுள் சில. அங்கெல்லாம் பிரேக்கில் வெப்பமாகி அழியும் சக்தியில் ஒரு பங்கைத் தகடு பெற்றுக்கொண்டால், ஓட்டுநருக்கு நஷ்டமில்லை. சமதளச் சாலையில் பதித்தாலோ, அது ஒருவர் பையிலிருந்து எடுத்து மற்றவர் விளக்கை ஏற்றுவதாகும்.

வீணாகும் சக்தியை மீட்பதற்குச் சிறந்த உதாரணம் டில்லிவாசிகள் அன்றாடம் ஏறி இறங்கும் மெட்ரோ ரயில். நிலையத்தை நெருங்கி வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டார்களே ஜெனரேட்டர்களாக மாறுகின்றன. அப்போது பிறக்கும் மின்சாரம் மேலேயுள்ள கம்பிக்குத் திரும்பி, அதே பாதையில் புறப்படும் வேறொரு ரயிலை ஓட்ட உதவுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் தூய வளர்ச்சித் திட்டத்தில் இந்த ஏற்பாடு 2007-இல் பதிவு பெற்றது. மின்சாரக் கார்களும் பிரேக் போடும்போது இவ்வாறே தம் சக்தியைத் தாமே மீட்டுக்கொள்கின்றன. அத்தகைய வண்டிகள் பெருகப் பெருக, சாலைத் தகட்டுக்கு எஞ்சுவது இன்னும் குறையும்.

மறுநாள் அலுவலகம் சென்றதும் மூலத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது, 'தனி எரிபொருள் இன்றி' என்ற பொருளுடைய தொடர். அவசரத்தில் 'செலவில்லாமல்' என்று எழுதியவன் நானே. மேலதிகாரியிடம் சொல்லித் திருத்தினேன். ஒரு சொல்தான், ஆனால் அந்தச் சொல்லை நம்பி நாளை ஓர் ஊராட்சியோ நகராட்சியோ பொதுப்பணத்தைச் சாலையில் புதைக்கக்கூடும்.

நேயர்களே, நீங்கள் வாழும் நகரத்திலும் இத்தகைய திட்டம் என்றேனும் வரலாம். வந்தால், தகட்டை எங்கே பதிக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு, அந்த நாமக்கல் ஓட்டுநர் கேட்ட கேள்வியையும் கேளுங்கள்.