தலைவரும் கலெக்டரும்

தோழர்களே, நம் அத்திப்பட்டு முன்பு செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர். எல்லை மாறியது, கலெக்டர் மாறவில்லை. வெள்ளையர் வரி தண்ட வைத்த பதவி அது. நம் மக்களுக்கு நிலம் வேண்டுமென்று 1891இல் அரசுக்கு எழுதிய ட்ரெமன்ஹீரும் செங்கல்பட்டுக் கலெக்டர்தான். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. நல்லவர்தான். ஆனால் நல்ல கலெக்டர் வாய்த்தால்தான் நமக்கு உரிமையா?

1994 ஊராட்சிச் சட்டம் நமக்குத் தலைவர் நாற்காலியை ஒதுக்கியது. அதே சட்டத்தின் 205ஆம் பிரிவு, அந்தத் தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டர் கையில் கொடுத்தது.

நமக்குப் பக்கத்தில், கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில், 2020 ஆகஸ்ட் 15 அன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்துக் கலெக்டர் வந்து நின்ற பிறகே ஏற்றினார். தேர்தலில் வென்ற சாதி இந்துத் தலைவர் எவருக்காவது கொடியேற்றக் கலெக்டர் துணை வேண்டியிருந்ததா?

அக்டோபர் 2 கிராமசபையில் வரவு செலவுக் கணக்கோடு 205ஆம் பிரிவையும் பேசுங்கள்.