மூடியைத் திறக்கும் முன்

பிரித்தானியாவில் குளிர் இறங்கியதும் நம் வீடுகளில் ஒரு முறைப்பாடு தொடங்கிவிடும். குளிக்கப் போனால் சுடுதண்ணீர் வரவில்லை, வந்தாலும் பாதியில் நின்றுவிடுகிறது. பாய்லர் திருத்த ஆள் தேடுகிறோம். வருகிறவர்களில் சிலர் கருவிப்பையை வைத்த கையோடு பாய்லரின் மூடியைக் கழற்றுவார்கள். வேறு சிலர் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீரில் விரலை வைத்தபடி, வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பார்கள். இந்த இரண்டாம் வகையினரின் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்மில் பலருடைய வீடுகளில் இருப்பது கொம்பி பாய்லர். அதற்குள் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று ரேடியேட்டர்களைச் சுற்றிச்சுற்றி வரும் பழைய தண்ணீர். மற்றது தெருக்குழாயிலிருந்து வந்து நம் குழாய்க்குப் போகும் புதுத் தண்ணீர். இரண்டும் கலப்பதில்லை. மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த வெப்பமாற்றி ஒன்றுக்குள் அவை அருகருகே ஓட, சூடு மட்டும் கைமாறுகிறது. நாம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்ததும், தண்ணீர் ஓடுவதை ஓர் உணரி கவனிக்கிறது. உடனே டைவர்ட்டர் வால்வு திரும்பி, ரேடியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்த சூட்டை வெப்பமாற்றிப் பக்கம் அனுப்புகிறது. தோட்டத்தில் வாய்க்காலை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக் கட்டுவோமே, அதே வேலைதான்.

இது புரிந்தால், நல்ல திருத்துநர் முதலில் கேட்கும் கேள்வியின் அருமை தெரியும். “ஹீட்டிங் வேலை செய்கிறதா?” ரேடியேட்டர்கள் நன்றாகச் சுடுகின்றன என்றால் எரிவாயு வருகிறது, தீ பற்றுகிறது, பம்பு ஓடுகிறது. ஒரே பதிலில் இயந்திரத்தின் பெரும்பகுதி சந்தேகத்திலிருந்து விடுபடுகிறது. மிச்சம் உணரி, வால்வு, வெப்பமாற்றி, வெப்பநிலை அளக்கும் சிறு பாகம், அவ்வளவுதான்.

“ஹீட்டிங் போட்டிருக்கும்போது மட்டும் சுடுதண்ணீர் வருகிறது” என்று வீட்டில் அம்மா சொல்லும் ஒரு வாக்கியம் விலைமதிப்புள்ளது. குழாய் திறந்ததை உணரி கவனிக்கவில்லை, அல்லது வால்வு நடுவில் சிக்கிக்கொண்டது என்ற பக்கம் அது கை காட்டுகிறது. எது என்று அறிய, திருத்துநர் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டுச் சுடுதண்ணீரைத் திறப்பார். பாய்லர் அசையவே இல்லை என்றால் உணரியைப் பார்க்க வேண்டும். எரிகிறது, ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் குழாயும் சுடுகிறது என்றால் வால்வு முழுதாகத் திரும்பவில்லை. கோடையில் குளிக்கும்போதெல்லாம் ரேடியேட்டர் வெதுவெதுப்பாவதும் இதே நோய்தான்.

தண்ணீர் சுட்டு, ஆறி, மறுபடி சுடுவது வேறு கதை. வெப்பமாற்றியின் தகடுகளுக்கு இடையே சுண்ணாம்போ கறுப்புச் சேறோ அடைத்திருக்கும். சூடு கைமாற முடியாததால் பாய்லர் தன் எல்லையைத் தொட்டு அணைகிறது. ஆறியதும் மீண்டும் எரிகிறது. லண்டனில் இது ஏன் இவ்வளவு அதிகம்? இங்கே நாம் குடிப்பது சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஊறி வந்த கடினநீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் பாய்லருக்குள்ளும் படிகிறது. 1859இல் விக்டோரியா அரசி திறந்துவைத்த திட்டத்தின் வழியே கேட்ரின் ஏரியின் மென்னீரைப் பெறும் கிளாஸ்கோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சூடு ஏறஏறப் படிவும் கூடும் என்பதால், கொம்பியின் சுடுதண்ணீரை 50 பாகை அளவில் வைப்பது போதும். அடைத்த தகட்டுக்காக முழுப் பாய்லரையும் மாற்றச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. வெப்பமாற்றியை மட்டும் கழுவலாம், இல்லையேல் அதை மட்டும் மாற்றலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று சொல்கிறேன். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறது, பாய்லரில் குறை தெரியவில்லை. அப்போது திருத்துநர் பாய்லருக்குள் போகும் குளிர்தண்ணீர் வால்வை மூடிவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறப்பார். அந்தக் குழாய்க்குப் பாய்லர் வழியாக அல்லாமல் தண்ணீர் வர வேறு பாதை கிடையாது. ஆகவே சற்று நேரத்தில் ஓட்டம் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், குளிர்தண்ணீர் எங்கோ சுடுதண்ணீர்ப் பாதைக்குள் கலக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி மாடியில் இருக்கும் ஷவர் மிக்ஸர்தான். மூடியைக் கழற்றவில்லை, ஒரு மீட்டரும் எடுக்கவில்லை, ஆனால் பழுது பாய்லரில் இல்லவே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. இப்படிக் கண்டுபிடித்தவரிடம் “ஒரு பாகமும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?” என்று கேட்பது அநியாயம். நாம் காசு கொடுப்பது அந்த அறிவுக்கு.

சில நேரங்களில் பழுதே இருக்காது. 24 கிலோவாட் கொம்பி ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லீட்டர் தண்ணீரை 35 பாகை உயர்த்தும். கோடையில் தெருக்குழாய்த் தண்ணீர் 18 பாகையில் வந்தால் தாராளமாகச் சுடும். தை மாதத்தில் 5 பாகையில் வந்தால் 40ஐத் தாண்டாது. குழாயைச் சற்றுக் குறைத்துத் திறந்து பாருங்கள். சூடு ஏறினால் பாய்லரைக் குறை சொல்ல வேண்டாம்.

பாய்லரின் அழுத்தமானியையும் பாருங்கள். குளிர்ந்த நிலையில் அது 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். ஒருமுறை இறங்கினால் நிரப்பிக்கொள்ளலாம். வாராவாரம் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ கசிவு, அல்லது சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக்கலனில் காற்று போய்விட்டது. பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிசன் உள்ளே போகிறது, ரேடியேட்டர் துருப்பிடிக்கிறது, துரு கறுப்புச் சேறாகி, நான் முன்பு சொன்ன அதே தகடுகளை வந்து அடைக்கிறது. சுடுதண்ணீர் நின்ற நாளில் நாம் திட்டுவது வெப்பமாற்றியை. காரணமோ இரண்டு ஆண்டுகளாகச் சொட்டிக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூட்டு.

உறைபனி நாளில் பாய்லர் கொடகொடவென்று சத்தமிட்டு நின்றால், வெளிச்சுவரில் போகும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுக்குழாயைப் பாருங்கள், உள்ளே நீர் உறைந்திருக்கலாம். 2010 டிசம்பர்க் குளிரில் இப்படி உறைந்து நின்ற பாய்லர்கள் ஏராளம். கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரை அதன்மேல் ஊற்றினால் போதும்.

இவ்வளவும் வெளியே நின்று செய்யக்கூடியவை. எரிவாயுப் பகுதியில் கைவைக்க கேஸ் சேஃப் பதிவு உள்ளவருக்கே அனுமதி. அவருடைய பதிவு அட்டையை வாங்கி, பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. அதைக் காட்டும் அலாரம் பாய்லர் உள்ள அறையில் அவசியம் இருக்கட்டும்.

அடுத்த முறை ஆளை அழைக்கும் முன் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்தக் குழாய், எல்லாக் குழாயுமா, ரேடியேட்டர் சுடுகிறதா, மானி என்ன காட்டுகிறது, திரையில் என்ன குறியீடு. தொலைபேசியிலேயே இவற்றைக் கேட்கும் ஒருவர் கிடைத்தால், கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தாலும் அவரையே வரச் சொல்லுங்கள்.