மும்பை முதல் நியூயார்க் வரை: தொலைவும் நேரமும்

அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு, அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையிலிருந்து கப்பலேறி, ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார் என்பதை நாம் அறிவோம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு, விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று வினவினால் நம்மில் பலர் தயங்குவோம். அதனை இன்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு அரேபியா, வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் பெருங்கடல் வழியே செல்லும். அவ்வழி ஏறத்தாழ 14,200 கி.மீ. ஆனால் தாள் தட்டை, பூமியோ உருண்டை. பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இவ்விரு நகரங்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தால், நூல் வடக்கே ஏறி, ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே சென்று, ஐஸ்லாந்து, கிரீன்லாந்தின் தென்முனை, கனடா ஆகியவற்றைத் தொட்டு நியூயார்க்கை அடையும். இவ்வழி ஏறத்தாழ 12,500 கி.மீ. தான். 1,700 கி.மீ. மிச்சமாகிறது.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 14 மணி நேரம் போதும் என்பது வகுத்தல் கணக்கு. எனினும் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுவாக வீசுகிறது. ஆகவே இடைநில்லா விமானத்திற்குப் போகும்போது ஏறத்தாழ 16 மணி நேரமும், திரும்பும்போது ஏறத்தாழ 14½ மணி நேரமும் ஆகும். நாடுகள் தம் வான்வெளியை மூடினாலும் வழி நீளும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியபோது அவை சுற்றிச் செல்ல நேர்ந்தது.

கடிகாரம் வேறொரு கணக்கைக் காட்டும். கோடையில் நியூயார்க் நேரம் நம் நேரத்திற்கு 9½ மணி பின்தங்கியது. குளிர்காலத்தில் 10½ மணி. கோடையில் மும்பையில் அதிகாலை 2 மணிக்குப் புறப்படுபவர் அன்றே காலை 8.30 மணிக்கு அங்கு இறங்குவார். நண்பகல் 12 மணிக்கு அங்கிருந்து திரும்புபவர் மறுநாள் நண்பகல் 12 மணிக்கு மும்பை சேர்வார். இதற்குக் காரணம் கூறுவதை மாணவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

கப்பலின் வாரங்களை விமானம் மணிகளாக்கிவிட்டது. எனினும் அண்ணல் கப்பலேறுமுன் 1912-இல் பட்டம் பெற்றிருந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையும் கிட்டியிருந்தது. இவ்விரண்டின் தேவை இன்றும் குறையவில்லை. பட்டியல் சாதி மாணவர் அயல்நாட்டில் முதுகலை, முனைவர் படிப்புப் பயில மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் உள்ளது. விமானக் கட்டணமும் அதில் அடங்கும். தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அம்மதிப்பெண்ணைக் குறிவைத்து நம் பிள்ளைகள் இன்றே படிக்கவேண்டும்.

நம் சங்கத்தின் படிப்பகத்தில் இவ்வாண்டே ஒரு பூகோள உருண்டை வாங்கி வைப்போம். அத்திட்டத்தின் விதிகளையும் எழுதி அதனருகே ஒட்டுவோம். நூலைப் பிடித்து அளக்கும் பிள்ளை அதனையும் படிக்கட்டும்.