மூச்சே விசை

ஆஸ்துமாவுக்குரிய தூள் இன்ஹேலரைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகின்றோம்.

வாயுவின் அழுத்தத்தால் மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலரில் மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். தூள் இன்ஹேலரிலோ நமது மூச்சே விசை. லாக்டோஸ் துகள்களில் ஒட்டியிருக்கும் மருந்தை அதுவே பிரித்து, 5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்களாக நுரையீரலுக்குள் சேர்க்கின்றது. மூச்சு வலுவிழந்தால் மருந்து வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும்.

கருவிக்குக் கருவி தடையும் வேறுபடும். ரோட்டாஹேலரில் தடை குறைவு. எனவே தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தடை மிகுந்த ஹேண்டிஹேலரில் கேப்ஸ்யூல் அதிரும் ஒலி கேட்குமளவு இழுத்தாலே போதும். இழுப்பதற்குக் கடினமாயிருப்பது பழுதன்று. எதுவாயினும் கருவிக்குள் ஊதலாகாது. ஈரம் தூளைக் கட்டியாக்கிவிடும்.

வலுவாக இழுக்க இயலாத முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேறு கருவிகள் உண்டு. ஆகவே, மருந்து பலிக்கவில்லை என்று கைவிடுமுன் மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.