ரத்தப் புற்றுநோய் வந்தவரின் தோல்



மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய் என்றால் நாடு முழுவதும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அது தொடங்கியது 1941இல். தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்த மருத்துவமனை அது. அவ்வளவு பணமும் செல்வாக்கும் இருந்தும் அன்று அவரைக் காப்பாற்ற மருந்து இல்லை.

இன்று நிலைமை வேறு. 1983இல் அதே மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடந்தது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. இப்போது ரத்தப் புற்றுநோய் வந்த பலர் பத்து வருடம், இருபது வருடம் வாழ்கிறார்கள். அப்படி வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது அவர்களுடைய தோல்.

ரத்தத்துக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். இவை உடம்பின் காவலாளிகள். வெயில் பட்டுத் தோலில் சில அணுக்கள் கெட்டுப் போகின்றன. காவலாளிகள் அவற்றைக் கண்டுபிடித்து அழித்து விடுகிறார்கள். வயதானவர்களுக்கு மெதுவாக வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உண்டு. அதில் வெள்ளை அணுக்கள் லட்சத்தையும் தாண்டிப் பெருகும். ஆனால் அவை வேலை செய்யாது. ஊர் முழுக்கக் காவல்காரர்கள் நிற்கிறார்கள். ஒருவருக்கும் கண் தெரியவில்லை. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் பல மடங்கு அதிகம் வருவதை மேலை நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

சிகிச்சையும் ஒரு காரணம். மஜ்ஜை மாற்றியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். சிறுவயதில் தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குப் பல வருடம் கழித்து அந்த இடத்துத் தோலில் கட்டி வரலாம். ஹைட்ராக்சியூரியா என்று ஒரு மாத்திரை இருக்கிறது. சில ரத்த நோய்களுக்கு அதை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். அதனால் சிலருக்குத் தோல் கறுக்கும், நகத்தில் கோடு விழும், கணுக்காலில் புண் வரும். சிலருக்கு அது தோல் புற்றுநோயிலும் போய் முடிகிறது. அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்த நோய் முற்றிவிடும். டாக்டரிடம் காட்டினால் மருந்தை மாற்றித் தருவார்.

“கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது” என்பார்கள். இது பாதிதான் உண்மை. தோலின் கருமை வெயிலைத் தடுக்கும் குடைதான். ஆனால் குடை பிடிக்காத இடங்களும் உண்டு. காஷ்மீரில் குளிருக்காகக் காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று வந்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரைக் குடித்தவர்களுக்கு வந்திருக்கிறது. பழைய தீக்காயத் தழும்பில் வருகிறது. உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் கறுப்பாக வருகிறது.

ரத்த நோய்க்கு மருந்து சாப்பிடும் விவசாயி ஒருவருக்குக் காதோரம் சின்னப் புண் வருகிறது என்று வையுங்கள். வேப்பெண்ணெய் தடவுவார். மஞ்சள் வைப்பார். அறுவடை முடியட்டும் என்பார். மற்றவர்களுக்கு மெதுவாக வளரும் இந்தப் புண் அவருக்கு வேகமாக வளரும். கழுத்துக்குப் பரவும். ஆரம்பத்தில் வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வைத்து வெட்டி எடுத்திருப்பார்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர், காதோரப் புண்ணில் சாவதா?

ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் மரு, பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளி. இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். முதுகை அவரே பார்க்க முடியாது. வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். வாய்க்குள்ளும் பார்க்க வேண்டும். மஜ்ஜை மாற்றியவர்களுக்கு வாய்ப் புற்றும் வரக்கூடும். அவர்கள் புகையிலை போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். வயலுக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் போதும். விலை உயர்ந்த களிம்பு கட்டாயமில்லை.

தோல் டாக்டரிடம் போகும்போது ரத்த நோயின் பழைய சீட்டுகளையும் எடுத்துப் போக வேண்டும். கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது ரத்த நோயின் நெறியா, தோலிலிருந்து பரவியதா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. சிறு சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.