டிரம்முக்குள்ளே என்ன இருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பின்போது செண்பகத்தோப்பில் ஆற்றிய உரை)



"இவ்வளவு நல்ல இடத்துக்குக் கூட்டிட்டு வந்து கெமிக்கல் பத்திப் பேசச் சொல்றீங்களே" என்று செயலாளரிடம் குறைபட்டுக்கொண்டேன். "மலையடிவாரத்துல இருக்கிறவங்கதான்யா கேக்கணும்" என்றார். கல்லூரியை விட்ட நாளிலிருந்து இரசாயன ஆலைகளில்தான் எனக்கு வேலை. ஆகவே ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பதை யாருக்குச் சொல்கிறோம், யாருக்குச் சொல்லாமல் விடுகிறோம்?

போபாலை எல்லோரும் படித்திருப்பீர்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது. கண்ணைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்களுக்கு என்ன சிகிச்சை தருவது என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. என்ன வாயு என்று அவர்களுக்கு யாரும் முன்னால் சொல்லி வைக்கவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி முன்கூட்டியே அந்தக் குடிசைகளுக்குப் போயிருந்தால், எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

அதன் பிறகுதான் சட்டம் விழித்துக்கொண்டது. 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவு வந்தது. அபாயமான பொருளைக் கையாளும் ஆலை அதன் ஆபத்தைத் தொழிலாளிக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றது. 1989-ல் வந்த அபாய இரசாயன விதிகள், பாதுகாப்பு விவரத்தாள், டிரம்மில் லேபிள், ஆலைக்கு வெளியே உள்ளவர்களுக்கான அவசரத் திட்டம் எல்லாம் கேட்டன. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. ஆக, சட்டத்தில் குறை சொல்ல முடியாது.

நம் மலைக்கு வடக்கே கொடைக்கானலைப் பாருங்கள். 1980-களில் அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும், தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும், உடைந்த கண்ணாடி மட்டும் நமக்கு! 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஊழியர்கள் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்பது கம்பெனியின் வாதம். 2016-ல் 591 முன்னாள் ஊழியர்களுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது.

இதில் பொறியாளர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் 20 டிகிரியில் காற்று ஏற்கக்கூடிய ஆவி கன மீட்டருக்குச் சுமார் 13, 14 மில்லிகிராம். 8 மணி நேர வேலைக்கு நம் சட்டம் வைத்த வரம்பு 0.05. இருநூறு மடங்குக்கு மேல்! மூக்கு எச்சரிக்காது, யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. ஆலைக்குள் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், கண்ணாடியை எடைக்கு வாங்கிய கடைக்காரர் எந்த விவரத்தாளைப் பார்த்திருப்பார்?

பக்கத்துச் சிவகாசிக்கும் வருவோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் தீப்பிடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள். அடுத்து வெடிக்கப்போகும் அறை எது, எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் விவரத்தாள்கள் பிரமாதமாக இருந்தன. பதினாறு தலைப்பு, அத்தனையும் ஆங்கிலம், மானேஜர் அறை பீரோவில். தணிக்கைக்கு வருகிறவர் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போவார். ஒப்பந்தத் தொழிலாளி அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னார்: "நீல டிரம் கையைப் பொத்துப்போகச் செய்யும் சார், வெள்ளை டிரம் இருமல் வரும். பேரு தெரியாது." அவருடைய உடம்புதான் அவருக்கு விவரத்தாள்.

நானும் ஷிப்ட் சூப்பர்வைசரும் உட்கார்ந்து தமிழில் பொருளுக்கு ஒரு பக்கம் எழுதினோம். என்ன பொருள், கையில் பட்டால் என்ன, கண்ணில் பட்டால் என்ன, எதோடு சேரக்கூடாது, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா? கடைசிக் கேள்வி லேசானதல்ல. சாயப்பட்டறை ஹைட்ரோஸில் கொஞ்சம் ஈரம் பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கும். பதறிப்போய் ஒரு குவளை தண்ணீர் தெளிப்பவர் நிலைமையை மோசமாக்குவார். எழுதிய தாளை அண்ணாச்சியை விட்டே வாசிக்கச் சொன்னோம். "வினைபுரியும்னா என்ன சார்?" என்றார். அடித்துவிட்டு "சேர்ந்தா பொங்கும்" என்று எழுதினோம்.

இராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தொழிலில் இருக்கும் நம் சங்கத்து நண்பர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். துணி வெளுக்கும் இடத்தில் ஹைப்போவும் ஆசிட்டும் அருகருகே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் கலந்தால் குளோரின்தான். உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்கிறேன்.

இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு பட்டறை எடுத்துக்கொண்டு, அங்கே உள்ள பொருள்களுக்குத் தமிழில் ஒரு பக்கத் தாள் தயாரிக்கலாம். பேராசிரியர்கள் சரிபார்க்கட்டும், ஒரு தொழிலாளி வாசித்துப் பார்க்கட்டும். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கும் என்று பொருளாளர் தலையாட்டுகிறார், நான் பார்த்துவிட்டேன். பட்டறை தரத் தயாராக உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தி போடுவதற்குள் என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். நோட்டு என் கையில் இருக்கிறது.