பட்டறையும் பட்டமும்



பீளமேட்டில் ஒரு குடும்பம் பாகம் பிரித்துக்கொண்ட கதை கோவைக்காரர்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. பி.எஸ்.ஜி. கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு பிள்ளைகள். சொத்தோ ஐந்தாகப் பிரிந்தது. ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அந்தப் பங்கிலிருந்துதான் 1926-இல் பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் அறக்கட்டளை பிறந்தது. ஈகையைப் புகழ்கிறவர்கள் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று இதில் உண்டு. அறக்கட்டளை தொடக்கத்திலேயே நிறுவியது ஒரு தொழிற்கூடம். பொறியியல் கல்லூரி வந்தது கால் நூற்றாண்டு கழித்து, 1951-இல். முதலில் பட்டறை வந்தது. அதை ஒட்டியே கல்லூரி வந்தது. கோவை வளர்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் போதும்.

மழை குறைந்த ஊர் இது. ஆனால் கரிசலில் பருத்தி விளைந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை வைத்தார். 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை என்றால் உதிரிபாகம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்வரை ஆலையை நிறுத்திவைக்க முடியுமா? உள்ளூர்ப் பட்டறைகள் பழைய பாகத்தைப் பார்த்துப் புதியதை வார்த்தன, கடைந்தன. இன்னொரு பக்கம், மாடு கட்டிக் கவலை ஓட்டிய விவசாயிக்குக் கிணற்றிலிருந்து நீரெடுக்க மோட்டார் வேண்டியிருந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. தறிக்கும் கிணற்றுக்கும் விடை தேடித்தான் இந்த ஊர் பொறியியல் கற்றது.

அதிகம் பள்ளி செல்லாத ஜி.டி. நாயுடு, 1945-இல் ஒரு பொறியியல் கல்லூரி பிறக்க வாரி வழங்கினார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் தாங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. அதன் முதல்வராகவும் அவர் இருந்தார். நான்காண்டுப் படிப்பு வீண், குறைந்த காலமே போதும் என்று வாதாடினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். காலக்கணக்கில் அவர் சொன்னது சரியா என்பதில் இன்றும் வழக்கு உண்டு. கை அழுக்காகாமல் பொறியாளர் உருவாக முடியாது என்று அவர் நினைத்ததில் வழக்கே இல்லை.

பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். ஒரு கையில் கல்லூரியை வளர்த்தவர், மறு கையில் ‘கலைக்கதிர்’ இதழைத் தொடங்கி அறிவியலைத் தமிழில் எழுதவைத்தார். வகுப்பும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு அந்தக் கல்லூரியின் அடையாளம் ஆயிற்று. 1956-இல் கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது; ஜவுளி ஆராய்ச்சிக்கென ‘சிட்ரா’வும் அந்த ஆண்டுதான். 1960-இல் எல்ஜி எக்விப்மென்ட்ஸ். 1962-இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு கைகோத்து லட்சுமி மெஷின் வொர்க்ஸ். ஒரு காலத்தில் நூற்பு எந்திரத்துக்குக் கடல் கடந்து காத்திருந்த ஊர், நூற்பு எந்திரங்களை முழு வரிசையாகச் செய்யும் உலகின் மிகச் சில நிறுவனங்களில் ஒன்றுக்குத் தாய்வீடு ஆயிற்று. எல்ஜி 2012-இல் இத்தாலியின் ரோட்டேர் கம்ப்ரசர் நிறுவனத்தையே வாங்கியது; 2019-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. உலகமயம் என்றால் நம் பிள்ளைகள் வெளியே போவது மட்டும்தான் என்று யார் சொன்னது?

இனி, பெருமையோடு கவலையும் கலந்த பகுதி.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. இந்தப் பெருக்கத்தை இகழ்ந்து பேசுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது பெரும் பிழை. ஏர் பிடித்த வீட்டிலும் தறி ஓட்டிய வீட்டிலும் முதல் பட்டதாரியை இந்தப் பெருக்கம்தான் தந்தது. 2010-இலிருந்து முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகையும் கிடைக்கிறது. அந்த வீடுகளில் மாட்டியிருக்கும் பட்டமளிப்புப் படத்தின் மதிப்பை எந்தத் தரவரிசையாலும் அளக்க முடியாது.

ஆனால் கல்லூரி பரவிய வேகத்தில் பட்டறை பரவவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டடம் எழுந்தது. பக்கத்தில் தொழிற்கூடம் இல்லை, கேள்வி கேட்கும் முதலாளி இல்லை, பழுதான எந்திரம் இல்லை. இறுதியாண்டு பிராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் அப்படித்தான் புகுந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் மென்பொருள் நிறுவனம், சிவில் படித்தவரையும் மெக்கானிக்கல் படித்தவரையும் ஒன்றாக எடுத்து, முதலிலிருந்து பயிற்சி கொடுக்கிறது. அந்த வேலையால் எத்தனையோ குடும்பங்கள் கடன் தீர்த்தன. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மெக்கானிக்கல் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகின்றன. கம்ப்யூட்டர் பிரிவில் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. தகுதியுள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பையும், தொழில்நுட்பக் கல்வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024-25 கல்வியாண்டிலிருந்து நீக்கிவிட்டது.

கோவையின் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள பட்டறைகளுக்கு இதனால் என்ன நேர்கிறது? பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரின் இறகு வளைவு கொஞ்சம் மாறினாலும் திறன் குறையும். குறைந்த திறனுக்கு ஈடாக மின்சாரம் கூடுதலாக ஓடும். ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணற்றில் அந்த இழப்பு சின்னதல்ல. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் அதன் விலையை அரசுக் கருவூலம் தருகிறது. அந்த வளைவைக் கணக்கிடும் மென்பொருள் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறது. அது தேவைப்படும் பட்டறை, அடுத்தவர் பம்பைப் பார்த்துப் பேட்டர்ன் எடுத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது சில கிலோமீட்டர் தூரம்தான். லேத்திலும் வார்ப்பகத்திலும் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் உழைக்கிறார்கள். அந்தத் தம்பிகளுக்கும் மாலை வகுப்பில் ஒரு சான்றிதழ் கிடைக்க இந்த ஊர் வழி செய்யவேண்டும். அது கோவையின் கடன்.

வேலை தேடி ஊரை விட்டுப் போவது தலைவிதி அல்ல. ஜோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அதற்கு முன்பே, பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்துத் தானே படிக்கவைத்து வேலை தரும் பள்ளியையும் தொடங்கியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எழுதும் மென்பொருளை உலகம் வாங்குகிறது என்றால், பீளமேட்டில் வடிவமைக்கும் மோட்டாரை ஏன் வாங்காது?

அந்தக் கேள்விக்கு அவசரமும் வந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினுக்கு உதிரிபாகம் செய்து பிழைக்கும் பட்டறைகள் இங்கே ஏராளம். மின்வண்டியில் பிஸ்டன் இல்லை. ஆனால் மோட்டார் உண்டு. மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் மூன்று தலைமுறையாக இருக்கின்றன. இல்லாதது அதை இயக்கும் கன்ட்ரோலரும் உள்ளே வைக்கும் காந்தமும். 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய மின்வண்டித் தொழிற்சாலைகள் திண்டாடின. அருமண் காந்தம் இல்லாமல் ஓடும் மோட்டாரை வடிவமைக்க முடியும். அந்தக் கோட்பாடு மின்னியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விலை குறைவாக, சத்தம் குறைவாக, ஆயிரக்கணக்கில் செய்யவேண்டும். அதற்கு மின்னியல் பேராசிரியரும், காயில் கட்டும் மேஸ்திரியும், வார்ப்பகக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

இந்த மேடை கேட்பது இதுதான். கல்லூரி நிர்வாகிகள், ஆசிரியர் ஒரு விடுமுறையைப் பட்டறையில் கழித்தால் அதைப் பதவி உயர்வில் கணக்கிடட்டும். ஆய்வுக் கட்டுரைக்குத் தரும் மதிப்பை அதற்கும் தரட்டும். குறிச்சித் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துகிறவர்கள் தங்கள் தீராத சிக்கல்களைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கட்டும். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் கற்றுத்தருகிறது. ஆகவே மொழி ஒரு தடையல்ல. பயிற்சிக்கு வரும் மாணவருக்குச் சம்பளம் கொடுங்கள். டீ வாங்கிவர அனுப்பாதீர்கள். ஆறு மாதம் முழுதாக எந்திரத்தின் அருகில் நிறுத்துங்கள். வரும் ஜூனில் இறுதியாண்டுக்குப் போகும் பிள்ளைகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். அரங்கிலுள்ள கல்லூரி முதல்வர்களும் தொழிலதிபர்களும் இன்று இரவு உணவு மேசையில் அருகருகே உட்கார்ந்து, எந்தக் கல்லூரிக்கு எந்தப் பட்டறை என்று பெயர் எழுதிவிட்டுப் போகும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறது இந்த மேடை.